தெருமுனை பேனரும் ஒரு பொய்யும்

கம்பம்
12.2.2009

அன்பு மகள் ரஃபியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அத்தாவும் தம்பியும் புதுப்பெண்ணும் நல்ல சுகம், நானும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட்டு நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், மனசு ஒன்றுதான் சுகமில்லை. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல் தைரியமாக இருக்க வேண்டும் என்று தொழுகைப் பாயில் உட்காரும்போதெல்லாம் துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது, பயம் வந்தால் வாய் ஒன்று கிடக்க ஒன்று சொல்லிவிடுகிறது. போன வெள்ளிக்கிழமை அப்படித்தான் சொன்னேன். அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் கடைசி வரைக்கும் படி.

வீட்டுச் செய்தி முதலில் சொல்லிவிடுகிறேன். தௌபீக் தேனிக்கு தினமும் பஸ்ஸில்தான் போய்வருகிறான், மண் பரிசோதனை ஆபீஸில் இப்போது கூட்டம் அதிகமாம், நெல் அறுவடை முடிந்து ஆளாளுக்கு மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு வருகிறார்களாம். போன வாரம் சுருளிப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி கூடை நிறையத் திராட்சை கொண்டுவந்து வைத்திருக்கிறார், இவன் ஒரு பழத்தைக்கூட எடுக்காமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். புதுப்பெண் ஷர்மின் விழுந்து விழுந்து சிரித்தாள். உங்கள் இரண்டு பேருக்கும் இந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ, சத்தியமாக என்னிடமிருந்து வரவில்லை. உன் கல்யாணப் பேச்சை எடுக்காமல் நான் போனை வைத்ததில்லை, இன்றைக்கு அதைப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது, அதனால் விட்டுவிடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன் ஆத்தா. தெருமுனையில் உன் படத்தைப் போட்டு பேனர் வைத்தது யார் என்று வெள்ளிக்கிழமை போனில் கேட்டாயே, யோசித்துச் சொல்லுங்கள் அம்மா, மாவட்ட நீதிபதிக்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாயே, அதற்கு நான் உன் மாமி மகன் சதாமோட சேக்காளிப் பயலுக யாரோ கட்டிட்டாங்க, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது என்று சொன்னேன். அது பொய். வைத்தது நான். நீ அப்பாடா என்று மூச்சு விட்டு, சரிம்மா அது போதும் என்று போனை வைத்தாய் பார், அந்த மூச்சுச் சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தம்பி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோதே உன் பெயருக்குப் பின்னால் படிப்பையும் ஜட்ஜ் உத்தியோகத்தையும் போடச் சொன்னேன், நீ வேண்டாம் என்று போனில் கண்டித்துச் சொல்லிவிட்டாய், சரி என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனசு அடங்கவில்லை. உன்னை மதுரைக்குச் சட்டம் படிக்க அனுப்பியபோது உன் மாமி, சதாமின் அம்மா, நாலு பேர் நடுவில் என்ன சொன்னாள் தெரியுமா? கருப்புக் கோட்டு போட்ட பொண்ண எவன் கட்டுவான், கோர்ட்டு வாசல்லயே நிக்க வேண்டியதுதான் என்றாள். அத்தாவின் தங்கையாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்த வாயை அடைக்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக வைத்திருந்த வெறி. கல்யாணத்துக்கு முந்தின வாரம் நானே பர்தாவைப் போட்டுக்கொண்டு ஜேசுராஜின் ஃபிளக்ஸ் கடைக்குப் போனேன். நீ வேலையில் சேர்ந்த அன்று கருப்புக் கோட்டும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாக எடுத்த படத்தைக் கொடுத்தேன். எங்கள் மண்ணின் மகள் நீதியரசி ரஃபியா அவர்களே வருக வருக என்று எழுதச் சொன்னேன். நீதியரசி எல்லாம் ஹைகோர்ட்டு ஜட்ஜுக்குப் போடுறது அக்கா என்று ஜேசுராஜ் சொன்னான், இருக்கட்டும் நாளைக்கு ஆகப்போறவதானே என்றேன். மாப்பிள்ளை படம் உன் படத்தில் கால்வாசிகூட இல்லை, தௌபீக் பார்த்துவிட்டு கல்யாணம் எனக்கா அக்காவுக்கா என்று கேட்டான். ஜமாத்தில் ஒருவர் வந்து, பொம்பளப் புள்ள படத்த முச்சந்தில வைக்கிறது நல்லாவா இருக்கு என்று கேட்டார், உங்க மகன் படம் பாங்கு சொல்ற இடத்துக்கு எதுத்தாப்புல கைலியோட தொங்குதே அது நல்லாவா இருக்கு என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அத்தா மட்டும், வேணாம் கைரு, புள்ள சர்க்கார் வேலைல இருக்கு, அதுவும் ஜட்ஜு வேலை, தெரிஞ்சா கோவத்துல சடைக்கும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை. மாமி வீட்டு வாசலைப் பார்த்தாற்போல வேண்டுமென்றேதான் கட்டச் சொன்னேன்.

பேனர் என்றால் அடியில் வரிசையாகச் சின்னச் சின்னப் படம் போடுவார்கள் இல்லையா, காசு கொடுத்தவர்கள் முகமெல்லாம் இவண் என்று போட்டு வரும், நம் ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அப்படித்தானே. அந்த வரிசையில் யாரைப் போடுவது என்று நான் யோசிக்கவே இல்லை, சதாமிடம் விட்டுவிட்டேன். அவன் தன் சேக்காளிகளோடு லோயர் கேம்ப் ஊர்க்காரர் தங்கபாண்டியையும் சேர்த்துவிட்டான். லாரி வைத்திருக்கிறாரே, அத்தாவின் மண்டியிலிருந்து கேரளாவுக்கு வாழைத்தார் ஏற்றுகிறவர், அவர்தான். உன் முகத்துக்கு நேர் கீழே கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு அவர் முகம். அந்த மனுஷனுடைய இன்னொரு லாரியைத்தான் கொள்ளிடக்கரையில் திருட்டு மணலோடு பிடித்து வைத்திருக்கிறார்கள், வண்டியைத் திருப்பிக் கேட்டு அவர் போட்ட மனு உன் கோர்ட்டில்தான் கிடக்கிறது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் நான் செய்தது திமிர், அவ்வளவுதான்.

ஆனால் ரஃபியா, கல்யாணத்தன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. இதை உன்னிடம் சொல்லத்தான் இத்தனை சுற்று சுற்றி வருகிறேன். நீ திருச்சியிலிருந்து நேரே உத்தமபாளையம் மண்டபத்துக்கு வந்தாய், நிக்காஹ் முடிந்ததும் மறுநாள் கோர்ட் இருக்கிறது என்று அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டாய், நம் தெருவை நீ மிதிக்கவே இல்லை. மிதித்திருந்தால் அந்த பேனரை நீயே கிழித்துப் போட்டிருப்பாய். பந்தி நடக்கும்போது தங்கபாண்டி என்னிடம் வந்து, அம்மா நம்ம வண்டி ஒண்ணு பாப்பா கோர்ட்டுலதான் நிக்குது, பாப்பாவ ஒரு வணக்கம் சொல்லிக்கிறேன் என்று கேட்டார். அவ கோவக்காரி, கோர்ட்டு சங்கதி பேசுனா பிடிக்காது, நீங்க சாப்புட்டுப் போங்க என்று சொல்லி உட்காரவைத்து, பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டு அவர் இலையில் இன்னும் ரெண்டு துண்டு கறி வைக்கச் சொன்னேன். உனக்குப் பிடிக்காது என்று சொல்லத் தெரிந்த எனக்கு அது தப்பு என்றும் தெரிந்துதானே இருக்கும். தெரிந்தது. ஆனாலும் அந்த நிமிஷம் எனக்குப் பயம் வரவில்லை, பெருமையாக இருந்தது. லாரி லாரியாக வைத்திருக்கிற மனுஷன் என் மகள் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறதே என்று பெருமை. நீ பத்தடி தள்ளி ஷர்மின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாய். எழுந்து வந்து உன் காதில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் போதும், அந்த மனுவை நீ தொடாமல் வேறு கோர்ட்டுக்கு அனுப்பியிருப்பாய். நான் சொல்லவில்லை. நீ அடுத்த வாரம் எல்லாருக்கும் சட்டப்படி கொடுப்பதுபோல அவருக்கும் ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு லாரியை விட்டுவிட்டாய். பேப்பர் சரியில்லாமல் அதே வாரம் லாரி கிடைக்காமல் போன இன்னொருவன் நம் ஊர் வரைக்கும் ஆள் அனுப்பி, பேனரைப் படம் எடுத்து, பார்த்தீங்களா ஜட்ஜம்மாவுக்கும் லாரிக்காரனுக்கும் உள்ள சம்பந்தத்தை என்று ஹைகோர்ட்டுக்கே அனுப்பிவிட்டான்.

உன்னைப் பார்த்து ஒருத்தன் அப்படி எழுதும்படி ஆக்கிவிட்டேனே, அதுதான் தாங்கவில்லை. ராத்திரியும் பகலும் புத்தகமும் கையுமாகக் கிடந்து பரீட்சை எழுதி வாங்கின வேலை. இன்னும் புரொபேஷன்கூட முடியவில்லை, இதில் கெட்டபெயர் விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தௌபீக் சொன்னான். வீட்டார் யாருக்கும் பேனரைப் பற்றித் தெரியாது என்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாயாமே. என் பேச்சை நம்பி ஒரு ஜட்ஜ் பொய்யில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நான் படிக்காதவள்தான், இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியாத அளவுக்கு முட்டாள் இல்லை.

நேற்றுக் காலை ஜேசுராஜ் வீட்டுக்கு வந்தான். அக்கா, பேனர் விஷயமா விசாரிக்க ஒரு ஆளு வந்தாக, யாரு ஆர்டர் குடுத்தான்னு கேட்டாக, கடைப்பையன்கிட்ட கேட்டுச் சொல்றேன்னு அனுப்பி வச்சிருக்கேன், நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டான். நீங்க வரவே இல்லன்னு சொல்லிரவா என்று அவனே எடுத்துக்கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் சதாம் வந்தான். மாமி, நான்தான் வச்சேன்னே இருந்துட்டுப் போகுது, எனக்கென்ன சர்க்கார் வேலையா போயிரும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் பின்னாலேயே அவன் அம்மா, நான் யாருடைய வாயை அடைக்க வேண்டும் என்று இத்தனையும் செய்தேனோ அந்த உன் மாமியே வந்து, புள்ள வேலைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது மதினி, பேனர் நான் வச்சதா சொல்லிருங்க, என்னைய யாரு என்ன செய்யப்போறாக என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்று இருந்தது. தெருவே எனக்காகப் பொய் சொல்லத் தயாராக வந்து நிற்கிறது. பிள்ளையைச் சாட்சி கேட்கிற நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தெருவில் இருக்கிற நல்ல ஜனங்களையெல்லாம் பொய்ச்சாட்சி ஆக்கப் பார்த்தேனே என்று என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன் என்று எல்லாரையும் அனுப்பினேன்.

அத்தா மண்டியிலிருந்து வந்ததும் போனில் உன்னிடம் சொன்ன பொய்யையும் தங்கபாண்டி சொன்னதையும் சொன்னேன். அவர்களுக்கு அது இரண்டும் தெரியாது. கத்துவார்கள் என்று நினைத்தேன், கத்தவில்லை. போட்ட சோற்றில் கையை வைத்தவர்கள் அப்படியே எழுந்து கையைக் கழுவிவிட்டார்கள். அப்புறம், எழுதிரு கைரு, வாயால சொன்னா நீ பாதிய முழுங்கிருவ என்று மட்டும் சொன்னார்கள். என்னை இத்தனை வருஷம் பார்த்த மனுஷன் அல்லவா, சரியாகத்தான் சொன்னார்கள்.

அதனால் ரஃபியா, நான் சொல்வதைக் கேள். இந்தக் கடிதத்தை நீ படித்துவிட்டு மடித்து வைக்காதே. புதன்கிழமை விசாரணை என்றாயே, அதற்கு முன்னால் மாவட்ட நீதிபதியிடம் நீயே கொண்டுபோய்க் கொடு. அம்மா சொன்னதை நம்பித் தவறாக எழுதிவிட்டேன், உண்மை இதுதான் என்று சொல்லிவிடு. இதைக் கொடுத்தால் உன் வேலை நிற்குமா போகுமா என்று எனக்குத் தெரியாது, எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொல்லி உன்னைத் தேற்றவும் எனக்கு வாய் வரவில்லை. கொடுக்காமல் வேலை நின்றால், அது என் பொய்யில் நிற்கிற வேலை, அதில் உட்கார்ந்து நீ எப்படி இன்னொருவனைப் பொய் சொல்லாதே என்று சொல்வாய்? கூப்பிட்டால் நானும் அத்தாவும் பஸ் ஏறி வருகிறோம். எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன், என்ன கேட்டாலும் சொல்கிறேன். அங்கே என்னைப் பார்த்து நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன். பேனரைக் கழற்றிவிட்டோம். ஜேசுராஜிடமும் நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லிவிட்டேன்.

கோபம் இருந்தால் நாலு வார்த்தை திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. விசாரணைக்குப் போகிற அன்று வெறும் வயிற்றோடு போகாதே, ரெண்டு இட்லியாவது சாப்பிடு, வெறும் வயிற்றில் உனக்குத் தலை சுற்றும். கொரியரில் போட தௌபீக் ஷர்ட் மாட்டிக்கொண்டு நிற்கிறான். அல்லாஹ் உன்னை யார் முன்னாலும் தலைகுனிய வைக்காமல் காப்பானாக. என்னால் உனக்கு வந்ததை என்மேலேயே திருப்பிவிடுவானாக.

கீழே உன் அம்மா என்று போடவில்லை தாயி. அப்படிப் போட்டால் நீ இதை யாரிடமும் கொடுக்க மாட்டாய், என்னைக் காப்பாற்றத்தான் பார்ப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கைருன்னிசா
க/பெ உமர் பாருக்
வாழைத்தார் மண்டி, கம்பம்
(பேனர் வைத்தவள்)