வாய்க்கால் தண்ணீருக்குள் அத்தான்

என் ராணி அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதுவது இதுதான் முதல் முறை. நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். உன் வீட்டுக்காரரைப் பற்றிய சேதி. பதறாதே, அத்தான் இருக்கிறார்.

உன் காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் அவர் ஓட ஆரம்பித்தார். ஃபேக்டரி பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்ததும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நீ இல்லாத வீட்டுக்குள் உட்கார முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. நான்தான் மராத்தானுக்குச் சேர்ந்தே பயிற்சி எடுப்போம் என்றேன். அவரைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசி நீண்ட ஓட்டம். சுங்கை ரம்பாயில் செம்பனைத் தோட்டத்தைத் தாண்டிப் போகும் வாய்க்கால் பாதை. புறப்படவே நேரமாகிவிட்டது. திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது, பாதையில் துண்டு நிழல் இல்லை.

"தண்ணி குடிங்க அத்தான்."

"அப்புறம் குடிக்கலாம்லா."

மறுபடி சொன்னேன். திரும்பிப் பார்த்தால் கால் கோணிக்கொண்டு போகிறது. கையைத் தொட்டேன், சட்டி மாதிரி சுட்டது. இடுப்பில் இருந்த பாட்டில் மூடிகூடத் திறக்காமல் அப்படியே இருந்தது.

"நில்லுங்க அத்தான்!"

என்னை உற்றுப் பார்த்தார். "நீ முன்னால போ ராணி. நான் பின்னாலயே வரேன்" என்றார்.

சொல்லிவிட்டு விழுந்தார்.

வெயில் தலைக்கேறி விழுந்தவர்களை ஓட்டப் போட்டிகளில் பார்த்திருக்கிறேன். உடனே உடம்பைக் குளிரவைக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் மிஞ்சாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பக்கத்தில் வாய்க்கால் நிறைய தண்ணீர். ஆனால் எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியுமே. கரையோ வழுக்குகிற சிமெண்டு.

கத்தினேன். தூரத்தில் தூண்டில் போட்டிருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் ஓடி வந்தார். வாய்க்காலைக் காட்டினேன். முதலில் அவர் இறங்கி ஆழம் பார்த்தார், நெஞ்சளவு. இரண்டு பேருமாக அத்தானைச் சரித்து இறக்கினோம். "பெகாங் கெபாலா!" என்று கத்தினார். நானும் தண்ணீரில் இறங்கித் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கால் சேற்றில் வழுக்குகிறது. அத்தானின் கண் மேலே செருகுகிறது. ஆம்புலன்ஸ் சத்தம் எங்கேயும் கேட்கவில்லை.

அப்போது எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது அக்கா. "அக்கா கூப்பிட்டாலும் போகாதீங்க அத்தான்! போகாதீங்க!" என்று அவர் காதில் கத்திக்கொண்டே இருந்தேன். நீ கூப்பிட்டாயா? கூப்பிட்டிருக்க மாட்டாய். ஆனாலும் உன்னோடுதான் சண்டை போட்டேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. அவர் கண் விழித்து என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட மறுநாள் ஆகிவிட்டது. வார்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன். "தெரிஞ்சேதான் தண்ணி குடிக்கலையா?"

"சாவணும்னு நெனைக்கல சுமதி. இருக்கணும்னும் நெனைக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தண்ணிக்குள்ள நீ கத்துனது கேட்டுச்சு. அப்பதான் பயம் வந்துச்சு" என்றார்.

பயம் வந்தது என்று அவர் சொன்னதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயப்படுகிற மனிதனைப் பிடித்து நிறுத்திவிடலாம் இல்லையா?

இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார். ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மராத்தானுக்கு நான் மட்டும்தான் போகிறேன். நேற்று என் மீன் குழம்பில் உப்பு போதவில்லை என்று முகத்தைச் சுளித்தார். நீ போனதிலிருந்து எதைப் போட்டாலும் பேசாமல் தின்றுவிட்டு எழுந்தவர். எனக்குக் கோபமே வரவில்லை அக்கா, உப்பு டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவர் உன்னிடம் வரும்போது பல்லெல்லாம் விழுந்த கிழவராகத்தான் வருவார். அதற்கு முன்னால் அனுப்ப மாட்டேன். நீயும் கேட்காதே.

உன்னோடு மல்லுக்கு நிற்கும் உன் தங்கச்சி,
சுமதி