பீலித் தண்ணீர் தெளிந்தது

லிந்துலை,
சித்திரை கடைசி ஞாயிறு

அன்பு மகள் பூரணிக்கு அப்பா எழுதுவது, குவைத்தில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க மாரியம்மன் துணை. இங்கு எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் வேறு பேச்சுக்கு மாறிவிடுகிறேன், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்புகிற பக்கத்து லயத்து வீட்டுச் சுமனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உன் மகள் நிலக்ஷிக்குச் சும்மா காய்ச்சல் என்று அம்மா சொன்னாள் அல்லவா, அது காய்ச்சல் இல்லை மகள், ஈரலில் நஞ்சு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இப்போதுதான் வீட்டுக்கு விட்டார்கள், கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

எல்லாம் நம் பீலித் தண்ணீரால் வந்த வினை. மேலே குளத்திலிருந்துதானே குழாய் வழியாக நம் லயத்துப் பீலிக்குத் தண்ணீர் வந்து விழுகிறது, சருகு ஊறி ஊறி எந்தக் காலத்திலும் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில்தான் இருக்கும், நீயும் அதைக் குடித்துத்தான் வளர்ந்தாய். ஆற்றுக்குப் போகிற பாதை மண்சரிவில் போய்விட்டதால் இந்த வருஷத் திருவிழாவுக்குக் குளத்தில்தான் தண்ணீர் மொண்டு கரகம் பாலிக்க வேண்டும் என்றாகிவிட்டது, அம்மனுக்கு இந்த அழுக்குத் தண்ணீரா என்று கோயில் தலைவர் வீரய்யா கிளப்பிவிட்டார். சருகு விழக்கூடாதென்று குளத்தைச் சுற்றி நின்ற மரங்களையெல்லாம் தோட்டத்துச் சனமே சேர்ந்து வெட்டிச் சாய்த்தது. மாசி வெயில் நேராக விழுந்ததும் தண்ணீர் வெளுத்து வெளுத்து, அடியில் கிடக்கிற கல் தெரிய ஆரம்பித்தது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று பொம்பளைகள் குலவை போட்டார்கள். திருவிழா முடிந்து கரகத்தைக் குளத்தில் குடிவிட்டுக் கொஞ்ச நாள்தான், குளம் முழுக்கப் பச்சைச் சாயம் ஊற்றின மாதிரி பாசி படர்ந்தது, வீரய்யாவின் சினைப்பசு அதைக் குடித்துவிட்டு விழுந்து செத்தது. நாங்கள் வடிகட்டிக் காய்ச்சித்தானே குடிக்கிறோம் என்று இருந்துவிட்டோம்.

நிலக்ஷியை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் தண்ணீரைச் சோதிக்க சுகாதார ஆபீசிலிருந்து ஷாமிலா என்று ஒரு பிள்ளை வந்தது, நம் வட்டவளைப் பக்கம்தான். சருகிலிருந்து இறங்குகிற சாயம்தான் வெயிலை உள்ளே விடாமல் இத்தனை காலம் தடுத்து வைத்திருந்ததாம், வெயில் அந்தச் சாயத்தையே உடைத்து வெளுக்க வைத்துவிட்டதாம், உடைந்ததும் பாசிக்குத் தீனியாகிவிட்டதாம், மலையிலிருந்து வழிகிற தேயிலை உரம் வேறு. அந்தப் பாசிதான் தண்ணீரில் நஞ்சைக் கக்குமாம். “மாமா, அந்த நஞ்சு காய்ச்சினாலும் போகாதுங்க” என்றது. வீரய்யாவை நினைத்தால் ஆத்திரம் வருகிறது, ஆனால் அந்த மனுஷனும் வெளியே தலை காட்டுவதில்லை, யாரைப் போய்த் திட்ட.

இப்போது தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் ஊற்றிலிருந்து வருகிற பீலித் தண்ணீரைக் குடத்தில் தூக்கி வருகிறோம். குளத்தைச் சுற்றி மரக்கன்று நட்டிருக்கிறோம், முழங்கால் உயரம்கூட இல்லை, அது நிழல் விழுத்தும்போது நான் இருப்பேனோ தெரியாது. ஈரல் தேறுமா என்பதை இன்னொரு சோதனைக்குப் பிறகுதான் சொல்லமுடியும் என்கிறார் டாக்டர். நீ அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு, நீ வேலை செய்கிற வீட்டுக்காரம்மாவிடம் எப்படியாவது லீவு கேள்.

நல்ல தண்ணீர் கொடுத்தாலும் பிள்ளை குடிக்கமாட்டேன் என்கிறாள். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “தெளிவா இருக்கு தாத்தா, வேணாம்” என்கிறாள். அம்மா அதில் ஒரு சொட்டுத் தேத்தண்ணி கலந்து நிறத்தைக் காட்டினால்தான் வாயில் வைக்கிறாள். நீ வந்து உன் கையால் கொடுத்தால் குடிப்பாளோ என்னவோ.

அம்மன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். லீவு கேட்க மறந்துவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
பொன்னையா