ஆட்டம் ஜாஸ்தி

ஜூன் 10, செவ்வாய்

எண்ணூர் சாலையில் லாரிகள் நகரவில்லை. கண்டெய்னர் யார்டில் காலை முழுக்க வேலை இல்லை. மதியம் என் ஃபோர்க்லிஃப்டை வலது பக்கம் ஒடித்தேன். ஸ்டியரிங் திரும்பியது. சக்கரம் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. மெக்கானிக் பஷீர் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆட்டிப் பார்த்தார். "செம ப்ளே கீது நைனா. மேனேஜருக்கு மெசேஜ் போட்டுட்டு ஊருக்குக் கெளம்பறேன்" என்றார். வேலூரில் மகளுக்குப் பிரசவம்.

ஜூன் 12, வியாழன்

எனக்கு மெமோ. இங்கிலீஷில். வீட்டில் இங்கிலீஷ் என் மனைவி டெபோரா பொறுப்பு. ராயபுரத்தில் ப்ளே ஸ்கூல் டீச்சர். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வேலை நேரத்துல, வண்டில, ஆபத்தான முறையில ப்ளே பண்ணீங்களாம். இன்னா பண்ணித் தொலைச்சீங்க?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மவுத் ஆர்கன். லாரி வராத நேரத்தில் சீட்டில் உட்கார்ந்து வாசிப்பேன். யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆபத்தான முறையிலா? அவ்வளவு மோசமாகவா வாசிக்கிறேன்?

ஜூன் 13, வெள்ளி

டெபோரா இங்கிலீஷில் எழுதித் தந்த மன்னிப்பைக் கொண்டுபோனேன். 'ஆம், ப்ளே செய்தேன். இரண்டு மாதா பாட்டு மட்டும். இனி மாட்டேன்.' மேனேஜர் செங்குட்டுவன் போன மாதம்தான் கணக்குப் பிரிவிலிருந்து யார்டுக்கு வந்தவர். இரண்டு முறை படித்தார். "பாட்டு வேறயா?" என்றார். ஒரு வாரம் சஸ்பெண்ட்.

"சார், வண்டில ஸ்டியரிங் கோளாறு..."

"அதைப் பத்தி எனக்கு எந்தத் தகவலும் வரலையே."

பாய் மறந்துவிட்டாரா? போன் எடுக்கவில்லை.

என் வண்டியை ஓட்டப்போகும் துரையிடம் சொன்னேன். "ரைட்டுல பொறுமையா ஒடி." "நான் பாத்துக்கறேன் மாமு. நீ போய் நல்லா தூங்கு" என்றான்.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாட்டு வந்தபோது வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

துரைக்குக் கால் ஒடஞ்சிடுச்சு.

வலது பக்கம் ஒடித்திருக்கிறான். வண்டி திரும்பாமல் நேரே இரும்புத் தூணில். கணுக்காலுக்கு மேலே முறிவு. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவன் மனைவி அம்மு வராந்தாவில் நின்றிருந்தாள். "வண்டி கோளாறுன்னு தெரிஞ்சிகினே அவர் கைல குடுத்துட்டு நீ வூட்ல குந்திகினு இருந்தியாண்ணா?"

சஸ்பெண்ட் என்று சொல்லலாம். எதுக்குன்னு கேட்டா? மவுத் ஆர்கன் வாசிச்சதுக்குன்னு சொல்றதா? இன்னா பொழப்புடா இது. மேனேஜர் சட்டையப் புடிச்சாவது சொல்லியிருக்கலாம் – சொன்னேனே. பத்தல.

ஜூன் 19, வியாழன்

பாய் வந்துவிட்டார். பேரன் பிறந்திருக்கிறான். விஷயம் கேட்டதும் நேராக என்னை மேனேஜர் அறைக்கு இழுத்துப்போனார். தன் போனைத் திறந்து, அனுப்பிய மெசேஜைக் காட்டினார்: 'வண்டி 3. நோயல். டூ மச் ப்ளே. டேஞ்சர்.'

"இதுக்குத்தானே இவருக்கு மெமோ கொடுத்தேன்" என்றார் மேனேஜர்.

"ஐயோ சார், ப்ளேன்னா ஆட்டம். ஸ்டியரிங் ஆட்டம்."

மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது. "தமிழ்லயே போட்டிருக்கலாமே பாய்" என்றார்.

"'நோயல், ஆட்டம் ஜாஸ்தி'ன்னா? அப்ப டிஸ்மிஸே பண்ணியிருப்பீங்க."

யாரும் சிரிக்கவில்லை. பாயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஸ்டியரிங்னு ஒரு வார்த்தை சேத்திருக்கணும். ஊருக்குப் போற அவசரம்."

ஜூன் 21, சனி

மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நடந்ததைத் துரையிடம் தானே சொன்னார். வைத்தியச் செலவு கம்பெனியுடையது. முடிந்துபோன என் சஸ்பெண்டும் ரத்து, சம்பளம் பிடிக்க மாட்டார்கள். துரை என்னைப் பார்த்து, "வாசிச்சதுக்குன்னா நெனச்ச மாமு?" என்று கால் வலிக்க வலிக்கச் சிரித்தான். அம்மு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

துரை இன்று வேலைக்கு வந்தான். வண்டியில் ஏற இன்னும் முடியாது. கேட்டில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே வரும் லாரி எண்ணைக் குறிக்கிறான். வண்டிக்கு ஸ்டியரிங் வேலை முடிந்தது. என் மன்னிப்புக் கடிதம் மட்டும் ஃபைலில் அப்படியே இருக்கிறது. நானே கையெழுத்துப் போட்டதை எடுக்க வழியில்லையாம்.

மதியம் அம்மு அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதில்லை. நான் தள்ளியே நின்றேன். துரைக்குப் போட்டுவிட்டு, கேரியரில் மீதியிருந்த சோற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சாப்டியாண்ணா?"

இல்லை என்றேன்.

சாப்பிட்டிருந்தேன்.