ஜெபக்குறிப்பில் என் ஓட்டம்

பிப்ரவரி 10, திங்கள்

என் மகன் எபினேசர் என் ஓட்டத்தை ஜெபக்குறிப்பாகக் கொடுத்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று ஆராதனை முடிகிற நேரம். பாஸ்டர் காய்ச்சலில் கிடப்பவர்கள், வேலை போனவர்கள், பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள் எல்லாரையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, "நம்ம கிருபாராணி அம்மா இந்த வயசுல ரோட்டுல ஓடறத விட்டுடணும்னு மகன் கேட்டிருக்காரு. பாரத்தோட ஜெபிப்போம்" என்றார். சபை முழுக்கக் கண்ணை மூடியது. நான் மூடவில்லை. யார் யார் உதடு சிரிக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் ஷூவை பீரோவில் வைத்துப் பூட்டினான். சாவியைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டான். பெற்றவளின் கால் செருப்பைப் பிள்ளை பூட்டி வைப்பது எந்த ஊர் நியாயம்?

இத்தனைக்கும் நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்வீஸ் ரோட்டில் ஓடும்போது வயிற்றை இழுத்துப் பிடித்தது. பஸ் ஸ்டாப்பை ஒட்டிய மாதேஸ்வரியின் டீக்கடை முன்னால் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அவள் முகத்தில் தண்ணீர் அடித்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். என் போனை எடுத்து எபிக்குச் சொல்லிவிட்டாள். அவன் செகண்ட் ஷிஃப்டில் மெஷினை நிறுத்திவிட்டு, கேட் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். நான் விழவில்லை. மயங்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

ஒன்றுமில்லாததற்கு ஒரு சபையே முழங்கால் போட வேண்டுமா?

பிப்ரவரி 11, செவ்வாய்

ஓடவில்லை. சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்று சொன்னேன். மறக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். வாந்தி ஏன் வந்தது? வயசு என்கிறான் எபி. இரண்டு வருடமாக ஓடுகிறேன். மற்ற நாளெல்லாம் எனக்கு வயசில்லையா?

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து உபவாச ஜெபம். பச்சைத் தண்ணீர் கூட இல்லை. ஜெபம் முடிய மதியம் இரண்டைத் தாண்டியது. வீட்டுக்கு வந்தால் போட்டது போட்டபடி. எபி சாப்பிட்ட பாத்திரம், ஊற வைத்த துணி, ராத்திரிக்கு மாவு. எல்லாம் முடித்து நான் தட்டில் கை வைத்தபோது நாலரை. வெறும் வயிற்றில் பெரிய களி உருண்டை. கீரைக் கடைசல் நன்றாக வந்திருந்தது, இன்னொரு உருண்டையும் போட்டுக்கொண்டேன். ஐந்தரைக்கு ஓடக் கிளம்பிவிட்டேன்.

களி அப்படியே கல் மாதிரி வயிற்றில் இருந்திருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஓடினால் யாருக்குத்தான் வராது?

வெள்ளிக்கிழமை மட்டுமா? மற்ற நாளும் நான் மூன்றரைக்கு முன் சாப்பிட்டதில்லை. இந்த வீட்டில் சோறு பஸ்ஸைப் பார்த்து வேகிறது. எபியின் கம்பெனி பஸ் இரண்டு மணிக்கு வரும் என்றால் அவனுக்கு ஒரு மணிக்குத் தட்டு. மருமகள் லிபியா அத்திப்பள்ளி பக்கம் கார்மெண்ட்ஸில் இருக்கிறாள். காலை ஏழுக்கு அவள் வேன். ஆறரைக்கு டிபன், டப்பாவில் மதியச் சோறு. ராத்திரி எபி வர பதினொன்று. அவன் தனியாகச் சாப்பிடக் கூடாது என்று நான் காத்திருப்பேன். எல்லாருக்கும் ஒரு நேரம் இருக்கிறது. எனக்கு மீந்த நேரம்.

பிப்ரவரி 13, வியாழன்

மதியம் அவன் சாப்பிடும்போது சொன்னேன்.

"களிதாண்டா காரணம். ஓட்டம் இல்ல."

"களிய நாங்களுந்தான் தின்னோம். எங்களுக்கு வாந்தி வந்துதா?"

"நீ தின்னுட்டு ஓடுனியா? பஸ்ல குந்திக்கினு போன."

"அம்மா, நம்ம லைன்ல உங்க வயசுக்காரங்க எல்லாம் முட்டிக்குத் தைலம் தேச்சிக்கினு வீட்ல இருக்காங்க."

"அப்ப அவுங்களுக்கு ஜெபம் பண்ணச் சொல்லு."

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டான். ரசம் அப்படியே இருந்தது. இருக்கட்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

பாத்ரூமுக்குப் பின்னால் எபியின் பழைய சேஃப்டி ஷூ கிடந்தது. கம்பெனியில் புதுசு கொடுத்ததும் தூக்கிப் போட்டது. முனையில் இரும்பு. ஒவ்வொன்றும் தேங்காய் கனம். உள்ளே பழைய துணியைத் திணித்து மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

இன்றைக்கு மதியம் இரண்டுக்கே சாப்பிட்டிருந்தேன். துணி ஊறிக் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டேன். நாலு மணிக்கு ஒரு வாழைப்பழம்.

மாதேஸ்வரி கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விடுவாளா? பாட்டி என்பதை அவள் கன்னடத்தில்தான் சொல்வாள்.

"என்னா அஜ்ஜி, கம்பெனில வேலைக்கு எடுத்துக்கினாங்களா? ஹெல்மெட் எங்க?"

"நீ என் புள்ளைக்கு போன் பண்ணாத, அது போதும்."

"பண்ணல தாயி. உன் ஷூவப் பாத்தா எனக்கே பயமா கீது."

வயிறு ஒன்றும் செய்யவில்லை. கர்நாடக எல்லையில் ஜூஜுவாடி செக்போஸ்ட் கண்ணில் படும் வரை போய்த் திரும்பினேன். கால்தான் எரிந்தது. ஆக, நான் சொன்னது சரி. யாரிடம் சொல்வது? சொன்னால் எந்த ஷூ என்று கேட்பான்.

எதற்கு இந்த வீம்பு என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கம்பெனி கேன்டீனில் இருபத்திரண்டு வருடம் கரண்டி பிடித்தேன். முதல் பேட்ச், இரண்டாவது பேட்ச், மூன்றாவது பேட்ச். ரிட்டயர் ஆனதும் அதையே வீட்டில் செய்கிறேன். காலையில் எழுந்தது முதல் ஒவ்வொரு நிமிடமும் யாருக்காவது எதையாவது எடுத்து வைக்கிறேன். ஓடும்போது மட்டும் கையில் ஒன்றும் இல்லை. இரண்டு கையும் சும்மா ஆடுகிறது. அதை விட மாட்டேன். பிடுங்கினால் கடிப்பேன்.

பிப்ரவரி 19, புதன்

வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. செருப்பு போட முடியவில்லை. சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டிருந்தபோது லிபியா வந்துவிட்டாள். வேன் சீக்கிரம் வந்துவிட்டதாம்.

"இன்னா அத்தே இது?"

"அம்மிக்கல் விழுந்துச்சி."

"நம்ம வீட்ல அம்மிக்கல்லே இல்லயே."

பின்பக்கம் போனாள். சேஃப்டி ஷூவைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள். துணி வெளியே தொங்கியது. சிரிப்பாளோ என்று பார்த்தேன். சிரித்திருந்தால் இன்றைக்கு இந்த வீடு இரண்டாகியிருக்கும். அவள் உள்ளே போய் பீரோவைத் திறந்து என் ஷூவை எடுத்து வந்தாள்.

"சாவி எப்பிடிடி?"

"பீரோ எங்க அம்மா வீட்ல குடுத்ததுதான அத்தே? இன்னொரு சாவி எப்பவும் எங்கிட்டதான் இருக்குது. நீங்க கேக்கவேயில்ல."

"உன் புருசன் கேட்டா?"

"எங்கிட்ட கேட்டா நான் சொல்லிக்கறன். ஆனா ஒண்ணு, நானும் கேப்பன். நீங்க ஏன் அத்தே எங்ககூட உக்காந்து சாப்புடறதே இல்ல? நானா வேணாங்கறன்?"

இவளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமா நான்? ஆனால் நல்ல கேள்விதான்.

பிப்ரவரி 21, வெள்ளி

உபவாச ஜெபம். வெளியே வரும்போது ஒரு சகோதரி தோளைத் தட்டி, "ஓட்டத்த விட்டுட்டீங்களாமே அக்கா? ஆண்டவர் கேட்டுட்டாரு பாத்தீங்களா!" என்றாள்.

"ஆண்டவருக்கு என் முட்டி நல்லாத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

இன்று ஓடவில்லை. உபவாசம் முடித்துச் சாப்பிட நேரமாகிவிட்டது, அதனால். வேறு யாரும் சொல்லி அல்ல.

பிப்ரவரி 23, ஞாயிறு

சபைக்குப் போக எபி வெள்ளைச் சட்டை எடுக்க பீரோவைத் திறந்திருக்கிறான். ஷூ இல்லை. அவ்வளவுதான். சபைக்குப் போகவில்லை. மூன்று பேரும் வீட்டிலேயே நின்றோம்.

கத்தினான். நானும் கத்தினேன். "என் காலு, என் ரோடு, எந்த நாயும் கேக்கக் கூடாது" என்றேன். லிபியா கதவைச் சாத்தினாள், லைன் வீட்டில் எல்லாருக்கும் கேட்கும் என்று. கேட்கட்டும், ஏற்கனவே ஜெபத்தில் கேட்டதுதானே என்றேன்.

அப்போதுதான் சொன்னான்.

"அது உங்க ரோடு இல்லம்மா. அப்பாவ நான் தூக்குன ரோடு."

அவன் நிறுத்தவில்லை.

"நீங்க கேன்டீன்ல இருந்தீங்க. உங்களுக்கு ஆஸ்பத்திரிலதான் தெரியும். பஸ் ஸ்டாப்புல சரிஞ்சாரு. எனக்கு போன் வந்துச்சி, 'உங்கப்பா ரோட்டுல உக்காந்துருக்காரு'ன்னாங்க. நான் போறதுக்குள்ள படுத்துட்டாரு. ஒரு ஆட்டோ நிக்கல. என்னால தனியாத் தூக்க முடியல. இப்ப மாதேஸ்வரி அக்கா போன் பண்ணி, 'உங்கம்மா ரோட்டுல உக்காந்துருக்காங்க'ங்குது. அதே வார்த்த. அதே எடம்."

பத்து வருடமாகிறது அவர் போய். நான் பார்த்தது கட்டிலில் கிடந்தவரை. தலை சீவிவிட்டிருந்தார்கள், முகம் துடைத்திருந்தது. ரோட்டில் கிடந்தவரை இவன் மட்டும் பார்த்திருக்கிறான். படிக்கிற வயசு அப்போது இவனுக்கு.

"சோறு வைக்கட்டுமா?" என்றேன். காலை ஒன்பது மணி.

பிப்ரவரி 24, திங்கள்

ஓடவில்லை. யாரும் தடுக்கவில்லை.

பிப்ரவரி 26, புதன்

கோபம் போகவில்லை. எதன் மேல் கோபம் என்றுதான் மாறியிருக்கிறது.

பயமாக இருக்கிறது என்றால் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பாஸ்டரிடம் சொன்னான். சபைக்கே சொன்னான். பத்து வருடம் ஒரே வீட்டில் எதிரெதிரே தட்டு வைத்தும் என்னிடம் சொல்லவில்லை.

இல்லை. எதிரெதிரே எங்கே வைத்தோம்? அவன் தட்டை வைத்துவிட்டு நான் அடுப்படியில் நின்றேன். நின்றுகொண்டு பரிமாறுகிறவளிடம் என்ன பேசுவான்? சட்னி கேட்பான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை நடந்து போனேன். ஓடவில்லை, நடந்தேன். அவர் எங்கே சரிந்தார் என்று யாரைக் கேட்பது? கம்பெனி பஸ்கள் வந்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போயின. இந்த இடத்தைத் தாண்டித்தான் இரண்டு வருடம் ஓடியிருக்கிறேன். ஒரு நாளும் வேகத்தைக் குறைத்ததில்லை.

வரும் வழியில் ஏரிக்கரைப் பக்கம் புதிதாகப் பிரித்த மனைகளைப் பார்த்தேன். நல்ல தார் ரோடு. வீடுகள் இன்னும் வரவில்லை. லாரி வராது. கொஞ்சம் நாய்த் தொல்லை இருக்கும் போல. அங்கே ஓடலாம் என்று லிபியாவிடம் மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

உபவாச ஜெபத்தின் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். பாஸ்டர் பார்த்தார். பார்க்கட்டும். வந்தபோது எபி தானே தட்டு போட்டு உட்காரப் போனான். எதிரில் நானும் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தான்.

"ஜெபம் முடிஞ்சிடுச்சா?"

"எனக்கு முடிஞ்சிடுச்சி. அந்தக் கொழம்ப இப்பிடித் தள்ளு."

தள்ளினான். அப்புறம் கேட்டான், "ஏரி ரோட்ல லைட் இருக்குதா?"

யார் சொன்னது ஏரி ரோடு என்று? லிபியாதான். இந்த வீட்டில் ஒன்றும் தங்காது.

மார்ச் 2, ஞாயிறு

நேற்றும் இன்றும் ஓடினேன், ஏரி ரோட்டில். யாரும் பின்னால் வரவில்லை. இன்று திரும்பி வந்தபோது எபி வாசலில் போனைப் பார்ப்பது போல நின்றிருந்தான். போன் திரை இருட்டாக இருந்தது.

இனி இந்த வீட்டில் ஆக வேண்டியது:

எபினேசர், பாஸ்டரைப் பார்த்து அந்தக் குறிப்பை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். சபையில் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அதை விட்டுக்கொடுத்தேன். அதற்கு மேல் விட மாட்டேன்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தால் சோறு மூடி இருக்கும். போட்டுக்கொள்ளக் கை இருக்கிறது. அதுவும் எபினேசர்.

நான் ஓடித் திரும்பியதும் ஏழரைக்கு லிபியாவும் நானும் சாப்பிடுவது. தோசை அவள் வார்க்கட்டும். அவள் தோசை தடிமன்தான். பரவாயில்லை.

ஏரி ரோட்டு நாய்களைப் பற்றி மனை ஆபீஸில் போய்ச் சொல்ல வேண்டும். எபினேசர் சொன்னால் சரிப்படாது, குரல் இல்லை. நான் போகிறேன்.

சர்வீஸ் ரோடு வேண்டாம். இது நான். யாரும் ஜெபித்து அல்ல.

உபவாச நாளில் ஓட்டம் இல்லை. இதுவும் நான்.

மதியம் அவனுக்குத் தட்டு வைக்கும்போதே எனக்கும் வைக்க வேண்டும், எதிரில். வைத்ததும் உட்கார வேண்டும். துணி ஊறிக் கிடந்தாலும், பால் பொங்கினாலும், அவன் பேசினாலும் பேசாவிட்டாலும், எழுந்திருக்கக் கூடாது. நான்.