ஏசுதாசன், ஜெ. என்பவர் யார்?

அனுப்புநர்:
ஏ. ஜாய்சன்,
மென்பொருள் பரிசோதகர்,
முடிச்சூர், சென்னை.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
அருள்விளக்கு கலைக் கல்லூரி,
கிழக்குத் தாம்பரம்.

பொருள்: ஆய்வாளர் ஏ. ஜெரூஷா மீதான கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆய்வு நெறிக் குழுவின் குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்கா ஜெரூஷா தங்கள் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வாளர். அனகாபுத்தூர் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களைப் பற்றியது அவர் ஆய்வேடு. அதன் மூன்றாம் இயல் முழுவதும் 'ஏசுதாசன், ஜெ.' என்பவரின் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது, மேற்கோள் காட்டியது மட்டும் போதாது என்கிறது குறிப்பாணை. வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஏசுதாசனின் ஒப்புதல் கடிதம் வேண்டுமாம். இல்லையென்றால் திருடியதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம். இரண்டும் வராவிட்டால் பதிவு ரத்து.

2. ஏசுதாசன் எங்கள் அப்பா. ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு வேலை பார்த்தவர். கட்டுரை எதுவும் எழுதியதில்லை. 2019-இல் காலமானார். ஒப்புதல் வாங்க நாங்கள் எங்கே போக வேண்டும் என்பதையும் குழு சொல்லியிருக்கலாம்.

3. கட்டுரையை எழுதியவர் அக்காவே. 2021-இல் அதை வெளியிட்ட கருத்தரங்கத் தொகுப்பில் தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். 'ஜெரூஷா ஏசுதாசன்' என்று அச்சானது. தங்கள் கல்லூரியின் துணைநூற்பட்டியல் விதியோ குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கிறது. நமக்கு ஏது ஐயா குடும்பப் பெயர்? இருப்பது அப்பா பெயர்தான். விதிப்படி 'ஏசுதாசன், ஜெ.' என்று போட்டதும் அக்கா போய் அப்பா வந்துவிட்டார்.

4. முதல் வரைவில் 'இந்த இயல் என் கட்டுரையின் விரிவு' என்றுதான் அக்கா எழுதியிருந்தார். ஆய்வேட்டில் 'நான்', 'என்' வரக்கூடாது என்று துறையில் அடித்துவிட்டார்கள். சிவப்பு மையோடு அந்தப் பக்கம், தொகுப்பின் பிரதி, அப்பாவின் இறப்புச் சான்றிதழ் மூன்றையும் இணைத்துள்ளேன்.

5. குழு உறுப்பினர் ஒருவர், "ஏசுதாசன் அவர்களின் களப்பணி ஆழமானது; ஆய்வாளர் அவரிடமிருந்து கற்க வேண்டும்" என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். பாராட்டை அக்காவிடம் சேர்த்துவிட்டேன்.

6. விளக்கப் போன அக்காவிடம் அலுவலகத்தில், "இன்னாம்மா, ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சிது, எதுக்கு பேஜாரு?" என்றார்கள். "நான் எழுதுனதை நானே திருடிட்டேன்னு போடணுமா சார்?" என்று கேட்டதற்கு, "குழு சொல்லிடுச்சேம்மா" என்பதே பதில். போட்டால் பட்டம் வரும். பிறகு எந்தக் கல்லூரியில் வேலை கேட்டாலும் அந்தத் தாளும் கூடவே வரும். நேற்று அக்கா பேனாவை எடுத்தேவிட்டார். நான்தான் தாளைப் பிடுங்கி வைத்தேன்.

7. என் வேலை மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. ஒருவர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் அவர் அப்பா பெயர் விழுந்தால், எங்கள் அலுவலகத்தில் கட்டத்தைத்தான் திருத்துவோம்.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்கு முன் குழு அக்காவை நேரில் அழைக்கட்டும். கட்டுரையின் எந்தப் பத்தியைப் பற்றியும், எந்தப் பெண்ணிடம் எங்கே உட்கார்ந்து கேட்டு எழுதியது என்றும் விசாரிக்கட்டும். பதில் தெரியாமல் விழித்தால் பதிவை ரத்து செய்யுங்கள், கேட்க மாட்டோம். பதில் சொன்னால், குறிப்பாணையைத் திரும்பப் பெற்றதை எழுத்தில் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மன்னிப்புக் கடிதம் எங்கள் வீட்டிலிருந்து வராது. அக்கா இதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தாமும் கையொப்பமிட்டுள்ளார்.

இடம்: முடிச்சூர்
நாள்: 12.02.2025, புதன்

இப்படிக்கு,
ஏ. ஜாய்சன்

ஏ. ஜெரூஷா
கட்டுரையின் ஆசிரியர்