நெல்டாவின் பெயரில் என் தையல்

2014 மார்ச் 11, செவ்வாய்

இன்று போர்வையைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். பதினான்கு மாதம்! சாப்பாட்டு அறையை அடைத்துக்கொண்டு நின்ற தையல் சட்டத்தைச் சுவரோரம் சாய்த்ததும் வீடு காலி செய்த வீடு மாதிரி ஆகிவிட்டது. வெர்லின் உள்ளே வந்து, "அட, நம்ம வீட்ல மேஜைகூட இருக்கா?" என்றார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடமாக இந்த மனுஷருக்கு இதே கிண்டல்தான்.

மாலையில் நெல்டா வந்து எடுத்துப்போனாள். துணியை வெட்டி நட்சத்திரம் நட்சத்திரமாகச் சேர்ப்பது அவள் வேலை. அந்த மேல்துணியையும் பஞ்சையும் அடித்துணியையும் ஒன்றாகப் பிடித்துக் கையால் தைப்பது என் வேலை. கடைசியில் விளிம்புக்குப் பட்டி போடுவது மறுபடி அவள். இருபத்திரண்டு வருடமாக எங்களுக்குள் இதுதான் பங்கு. ஆனால் கண்காட்சிக்குப் போகப்போகிற முதல் போர்வை இதுதான். மடியில் போட்டுத் தடவித் தடவிப் பார்த்தாள். "உன் கை படலைன்னா இது வெறும் துணிடி, ஆர்லிஸ்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது. எனக்கும்தான்.

ஏப்ரல் 17

தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் தையல் குழுக் கூட்டம். கண்காட்சிப் படிவத்தைப் பற்றி நெல்டாவிடம் கேட்டேன். "அதெல்லாம் நிரப்பி அனுப்பியாச்சு. நீ உன் ஸ்கூல் பஸ்ஸ ஒழுங்கா ஓட்டு" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். புளிப்பும் இனிப்புமான ருபார்ப் பை பலகாரம் நன்றாக இருந்தது, இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மே 2, வெள்ளி

இன்று எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் எதிரிலேயே எங்கள் போர்வை. அதன் தலைமாட்டில் ஊதா ரிப்பன், அத்தனை போர்வைகளிலும் முதலாவது என்று! ஓடிப்போய் அட்டையைப் படித்தேன். "ஒருவரே செய்தது. கைத்தையல். நெல்டா ரீமர்ஸ்."

ஒருவரே. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தேன். கழற்றிவிட்டுக் கிட்டத்தில் போய்ப் படித்தேன். ஒருவரேதான்.

மே 3, சனி

கண்காட்சியில் காவல் நிற்பது ஒரு மாதம் முன்பே ஒப்புக்கொண்ட வேலை, போகாமல் முடியவில்லை. பார்வையாளர்கள் போர்வைகளைத் தொடக்கூடாது. யாராவது பின்பக்கம் பார்க்கவேண்டும் என்றால் வெள்ளைக் கையுறை போட்ட நாங்கள்தான் ஓரத்தைத் தூக்கிக் காட்டவேண்டும். என்னை எந்த வரிசையில் நிற்க வைத்தார்கள்? அந்த வரிசையில்தான்.

பத்து மணியிலிருந்து நாலு மணிவரை தூக்கித் தூக்கிக் காட்டினேன். பின்பக்கத்து மூலையில் அவள் தைத்து வைத்திருக்கிற துண்டுத்துணி: "நெல்டா செய்தது." அதையும் வருகிறவர்களுக்கெல்லாம் நானே காட்டினேன். கான்சாஸிலிருந்து வந்த ஒரு அம்மா, "எவ்வளவு பொடித் தையல்! இந்த நெல்டா கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்" என்றாள். அவள் கேட்ட கை அவள் மூக்குக்கு முன்னால்தான் கையுறைக்குள் வெந்துகொண்டிருந்தது.

நடுவரின் குறிப்பைப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். "கைத்தையலில் குறையே இல்லை. துண்டு சேர்த்ததில் மூன்று இடத்தில் நட்சத்திர முனை வெட்டுப்பட்டிருக்கிறது." அதை நாலு தரம் படித்தேன். கேவலமான சந்தோஷம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 4, ஞாயிறு

கண்காட்சியின் மதியச் சாப்பாட்டு வரிசையில் நெல்டாவைப் பிடித்து, ஒருவரே என்று ஏன் போட்டாய் என்று கேட்டேன்.

"இரண்டு பேர் செஞ்சதுன்னு போட்டா இன்னொரு பிரிவுல தள்ளிருவாங்கடி. அங்க நாற்பது போர்வை, எல்லாம் மெஷின்ல தைச்சது. அந்தக் கூட்டத்துல நம்மள யாரு திரும்பிப் பாப்பா?"

"நம்மளயா? இப்ப உன்னத்தான பாக்கறாங்க."

"கத்தாத, எல்லாரும் பாக்கறாங்க. யோசிச்சுப் பாரு, கலர் என்னோடது, துணி என்னோடது, மாதிரி என்னோடது. வீட்டுக்கு வெள்ளையடிச்சவன் பேர வாசல்ல எழுதியா வைக்கறாங்க?"

கையில் இருந்த தட்டை, மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலுமாக அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வெள்ளையடித்தவளா நான்? காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை பஸ் ஓட்டிவிட்டு வந்து, ஜனவரிக் குளிரில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இதற்காகவே புதுக் கண்ணாடி போட்டு... வெள்ளையடித்தவள்! சொல்ல அவளுக்கு எப்படி வாய் வந்தது?

வெர்லின், "ஒரு போர்வைக்கா இந்த ஆட்டம்?" என்றார். "உங்க சோளத்த அடுத்தவன் அறுத்துட்டுப் போயி, தன் பேர்ல கிடங்குல கொட்டினா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டேன். மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "அட, இத முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று தொப்பியைத் தேடினார். இப்போதே போய் அவளைக் கேட்கிறாராம். பிடித்து உட்காரவைத்தேன்.

மே 12

கண்காட்சிக் குழுவின் தலைவி கார்லீனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் பெருமூச்சு விட்டாள்.

"எழுதிக் கொடு, ஆர்லிஸ். ரிப்பனத் திருப்பி வாங்கிடறோம். ஆனா ஒண்ணு. பொய்யாப் பதிவு பண்ணின போர்வைல யார் யார் கை பட்டிருக்கோ அத்தனை பேருக்கும் இரண்டு வருஷம் கண்காட்சில இடம் கிடையாது. விதி அப்படி."

"எனக்குமா? நான் என்ன பண்ணினேன்?"

"படிவத்த நீ ஏன் பாக்கல?"

இருபத்திரண்டு வருடச் சிநேகிதியின் படிவத்தை யாராவது வாங்கிப் பார்ப்பார்களா? கடிதம் எழுதிவிட்டேன். மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அனுப்பினால் எனக்கும் தடை, அனுப்பாவிட்டால் அது காலத்துக்கும் நெல்டா தைத்த போர்வை.

ஜூன் 30

இன்னும் அனுப்பவில்லை. ஆலங்கட்டி மழை, தெற்கு வயலில் சோள இலையெல்லாம் நார் நாராகக் கிழிந்துவிட்டது. நெல்டாவிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

துணிக்கடைக் கதவில் ஒரு நோட்டீஸ். கைத்தையல் வகுப்பாம். "ஊதா ரிப்பன் வென்ற நெல்டா ரீமர்ஸ் தன் பொடித் தையலின் ரகசியத்தைச் சொல்லித்தருகிறார்." கடையிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். காரில் போய் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்ப உள்ளே போய், வகுப்புக்கு வருகிறவர்கள் பட்டியலில் என் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

சாயங்காலமே போன். மூன்று மாதத்தில் முதல் போன்!

"எதுக்குடி பேர் கொடுத்த?"

"கத்துக்கத்தான். நீதான டீச்சர்?"

"விளையாடாத." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆர்லிஸ், ஒரே ஒரு வாரம் எனக்குச் சொல்லிக்குடேன். ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். என் பெயரைப் பறித்தது போதவில்லை, இப்போது கையும் வேண்டுமாம் மகராணிக்கு.

செப்டம்பர் 20, சனி

கடையின் பின்னறையில் ஒன்பது பேர். நான் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நெல்டா என் பக்கமே பார்க்கவில்லை. நிறங்களைப் பற்றியும் துணி வெட்டுவதைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள், இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு அங்குஸ்தான் உறையை நடுவிரலில் மாட்டிக்கொண்டு, "ஊசிய இப்படி ஆட்டி ஆட்டி இறக்கணும்" என்று துணியின் மேல் குனிந்தாள்.

என் பக்கத்தில் இமோஜீன் என்று ஒருத்தி. எண்பது மைல் தாண்டிப் பன்றிப்பண்ணையிலிருந்து வந்தவள், ஆம்பளை மாதிரிக் கை. எழுந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

"டீச்சர், துணிக்குக் கீழ இருக்கற விரலக் காட்டுங்க. ஊசி முனை வந்து இடிக்கறது அதுலதான? எங்க சித்திக்கு அந்த விரல் காய்ச்சுப்போயி மரக்கட்டை மாதிரி இருக்கும்."

நெல்டா காட்டினாள். வேறு என்ன செய்வாள்? பச்சைப்பிள்ளை விரல் மாதிரி வழவழ என்று இருந்தது. இமோஜீன் அதைப் பார்த்தாள், நெல்டாவைப் பார்த்தாள். திரும்பி வந்தவள் நாற்காலியில் உட்காரப்போகிற நேரத்தில் என் இடது கையைக் கவனித்துவிட்டாள். கேட்காமல் கொள்ளாமல் அதைப் பிடித்துத் திருப்பினாள்.

"இதான் தைச்ச விரல். ஏங்க, நீங்க எதுக்கு இந்த வகுப்புக்கு வந்தீங்க?"

நாலரை மாதமாகப் பஸ்ஸில் தனியாக இருக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்ட வசனம் எனக்குள் இருந்தது. "அவளையே கேளுங்க" என்று மட்டும் சொன்னேன்.

நெல்டாவின் கழுத்து திட்டுத் திட்டாகச் சிவந்தது. ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அந்தப் போர்வையத் தைச்சது ஆர்லிஸ். நான் துண்டு சேர்த்தேன், அவ்வளவுதான்" என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எட்டுப் பேர் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இமோஜீன், "நான் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன். எந்திரிச்சு முன்னாடி போங்க" என்றாள். மூன்று மணிவரை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கவேண்டாமா? இல்லை. எரிச்சலாக இருக்கிறது. இரண்டே இரண்டு வாக்கியம். இதை மே மாதமே சொல்ல அவளுக்கு என்ன கேடு?

செப்டம்பர் 22

கார்லீன் கூப்பிட்டாள். நெல்டாவே போய் ரிப்பனைக் கொடுத்துவிட்டாளாம். எங்கள் இருவருக்கும் இரண்டு வருடம் தடை. "நீ எழுதித்தராட்டியும் உனக்கும் உண்டு" என்றாள். நல்ல நியாயம்! இழுப்பறையில் இருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

அக்டோபர் 16

தையல் குழுக் கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலி கடைசிவரை காலி. ஊருக்கு வந்த ரிப்பன் என்னால் போயிற்றாம். நெல்டா உடைந்துபோயிருக்கிறாள் என்று ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். எடுத்தவளுக்கு விருந்து, பறிகொடுத்தவளுக்கு முதுகு. போங்கள், எல்லோரும் போங்கள்!

2015 பிப்ரவரி 21, சனி

கடைக்காரம்மா கேட்டுக்கொண்டதால் இன்று முதல் சனிதோறும் என் வகுப்பு. பதினோரு பேர் என்றார்கள். பத்து மணிக்குத் தொடங்கி இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. நெல்டா. பனி அப்பிய கோட்டோடு கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நிறுத்தாமல் பாடத்தைச் சொல்லிக்கொண்டு போனேன்.

அவளுடைய முதல் தையல் சோள மணி நீளத்துக்கு இருந்தது. "பிரி" என்றேன். பிரித்தாள். இரண்டாவதையும் பிரிக்கச் சொன்னேன். ஆறாவதையும். தேவைக்கு மேலேயே பிரிக்க வைத்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு ஊசி கீழ்விரலில் ஏறிவிட்டது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு ரத்தம். தண்ணீர் தேடி எழுந்தாள்.

"உக்காரு. தண்ணில போகாது. யாரோட ரத்தமோ அவங்க எச்சில்தான் எடுக்கும்."

நூல்நுனியை வாயில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். கறை போய்விட்டது. விரலைச் சப்பிக்கொண்டே, "பதினாலு மாசமும் இப்படித்தான் குத்திச்சா?" என்று கேட்டாள்.

"தினமும்."

தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோரும் போன பிறகும் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"இன்னும் கோவமா?"

"ஆமா."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது எனக்கே தெரியல, நெல்டா. அடுத்த சனிக்கிழமை நேரத்துக்கு வா."

பத்து மணிக்கு வருகிறேன் என்றாள்.