அட்டைப் பிஸ்டல்

1994 ஒக்டோபர் 16, ஞாயிறு. ஃபாரஸ்ட் கேட், லண்டன்.

ஃபுளோரிடாவிலிருந்து வந்திருக்கும் என் மனைவி மலரின் சித்தி மகன் சிவா, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் துப்பாக்கிச் சஞ்சிகை ஒன்றை மேசையில் விரித்தான். அவனுக்கு அங்கே பெற்றோல் ஷெட். இரண்டு தரம் கொள்ளை போய்விட்டதாம். இடுப்பில் மறைத்து வைத்திருக்கச் சட்டம் விடுகிறதாம். புதிதாக வந்த இரண்டு சின்னப் பிஸ்டல்களில் எது திறம் என்று கேட்டான், சப்பாத்து வாங்குகிறவனைப் போல. கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டி அட்டையில் இரண்டின் உருவத்தையும் அளவாக வெட்டி, மாறி மாறி இடுப்பில் செருகிக் காட்டினான்.

"எது வெளியிலை தெரியேல்லை, அத்தான்?"

நான் யோசிக்கவில்லை. "ரெண்டும் தெரியுது. சட்டையை வெளியிலை விடு. அடிக்கடி தொட்டுப் பாக்காதை, கைதான் காட்டிக் குடுக்கும்."

குசினி வாசலில் மலர் தேத்தண்ணியோடு நின்றாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"படத்திலை பாத்தனான்."

அவளுக்கு நான் கொழும்பில் கிளாக்கராக இருந்தவன். அகதி விண்ணப்பத்திலும் அப்படித்தான். பத்து வருஷம் காத்த வாயை, ஒரு மடையனின் அட்டைத் துண்டுக்குத் திறந்துவிட்டேன்.

மலரின் பெரியண்ணையை யாழ்ப்பாணத்தில் வீட்டு வாசல் படலையடியில் வைத்துச் சுட்டுக் கொன்றவன், சட்டையை வெளியில் விட்டிருந்தவன். அதைச் சொன்னதே அவள்தான்.

இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நித்திரை இல்லை.

அது நானில்லை. கேட்டால் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணுவேன். ஆனால் அதோடு விடுவாளா? அப்ப வேறை ஆரைச் சுட்டனீங்கள் எண்டு கேட்பாள்.